மலையேற்றப் பையில் ட்ரோன்: முதுகுச் சுமையும் 249 கிராமும்

சின்ன கேமரா ட்ரோனோடு மலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு சமையலறைத் தராசு. ஒரு கிராம் வரை காட்டுகிற டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது மலைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். ட்ரோனுக்கென்று எந்தச் சாமான் வாங்கினாலும் அதில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ட்ரோன் மேல் ஏறப்போகிறதா, என் முதுகில் ஏறப்போகிறதா என்று யோசிப்பேன். ட்ரோன் மேல் ஏறுவதென்றால் கிட்டத்தட்ட எல்லாமே வேண்டாம். முதுகில் ஏறுவதென்றால், அது இல்லாமல் ட்ரோன் கிளம்புவதோ இறங்குவதோ திரும்பி வருவதோ கெட்டுப்போகுமா என்று பார்ப்பேன். கெடாது என்றால் அது வீட்டில் இருக்கலாம்.

என்னிடம் இருப்பது டிஜேஐ மினி 2. பேட்டரி, இறக்கை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 249 கிராம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரையிலான ட்ரோன் ‘நானோ’ வகை. அதை ஓட்ட பைலட் உரிமம் தேவையில்லை. ஆக நமக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கிராம். கால்களை உயர்த்துகிற பிளாஸ்டிக் முட்டுகள், மினுக்கும் விளக்கு, இறக்கையைச் சுற்றி மாட்டும் வளையம் என்று கடைகளில் தொங்குகிற எதை மாட்டினாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சட்டத்தை விடுங்கள், மலையில் இவை வேலைக்கே எதிரானவை. வளையம் மாட்டினால் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மோட்டார் கூடுதலாகச் சுழல வேண்டும், அந்தக் கணக்கு பேட்டரியில் கழியும். மினி 2 தாங்குகிற காற்று அதிகபட்சம் நொடிக்கு 10.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர். மலை விளிம்பில் அந்த அளவுக் காற்று சாதாரணமாக வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், 249 கிராம் எம்மாத்திரம்? ஆடி மாதத்தில் நான் ட்ரோனை மலைக்கே எடுத்துப்போவதில்லை.

நான் அதிகம் பறக்கவிடுவது கொல்லிமலையில். நாமக்கல் பக்கமிருந்து காரவள்ளி வந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி சோளக்காட்டை அடைந்தால், அங்கிருந்து ஊருக்கு ஊர் நடந்துபோகப் பாதைகள் இருக்கின்றன. மரவள்ளிக் காடு, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், காப்பி, அன்னாசி, நடுவே ஓடைகள், திடீரென்று கீழே சமவெளி முழுவதும் தெரிகிற பாறைகள். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஒரு நல்ல சுற்று வந்துவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் இப்படி அரை நாள், ஒரு நாள் நடைக்குத்தான். கூடாரம் போட்டுத் தங்குகிற பயணத்துக்குக் கணக்கு வேறு.

முதல் துணைச் சாமான் காகிதம். இதைச் சொன்னால் பலருக்குச் சப்பென்று இருக்கும், ஆனால் பையில் இதற்குத்தான் முதல் இடம். நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. நடந்துபோக அனுமதி வாங்கிய பாதையிலும் ட்ரோன் பறக்கவிட வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. நான் பறக்கவிடுவது பட்டா நிலங்களில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு. கிளம்பும் முன், ட்ரோனுக்கென்று அரசு வைத்திருக்கிற டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்து, ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு அச்சுப்பிரதியும் வைத்துக்கொள்வேன். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலையில் சிக்னல் இருக்காது, யாராவது கேட்கும்போது ஃபோனில் தேடிக்கொண்டு நிற்க முடியாது. அதனால்தான் காகிதம்.

ஒருமுறை செம்மேடு தாண்டி ஒரு மிளகுத் தோட்டத்தின் ஓரத்தில் ட்ரோனை எடுத்து வைத்தபோது தோட்டக்காரப் பெரியவர் வந்தார். “தம்பி, மருந்தடிக்கிற மிசினுங்களா?” என்றார். “இல்லீங்கய்யா, படம் மட்டும் எடுக்கும். உங்க தோட்டத்துல இருந்து மேல விடலாமுங்களா?” என்றேன். “விடுங்க, அந்தப் பக்கம் மாடு கட்டியிருக்கு, அதுக்கு மேல மட்டும் போகாதீங்க” என்றார். சத்தத்துக்கு மிரண்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. இறக்கிய பிறகு படத்தை அவருக்குக் காட்டினேன். தன் தோட்டத்தின் எல்லையை மேலே இருந்து பார்த்துவிட்டு, வேலி எங்கே வளைந்து போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். இடம் கேட்டுப் பறக்கவிட்டால் பாதி ஆபத்தை அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, சாமான்களுக்கு வருவோம். பையில் இருந்தே தீர வேண்டியது உபரி இறக்கைகளும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவை இல்லாவிட்டால் மலை ஏறிய நடையே வீண். மினி 2-இல் நான்கு மோட்டார், மோட்டாருக்கு இரண்டு இறக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி. இறக்கைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் சின்னக் குறி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. குறியுள்ள இறக்கை, மோட்டாரைத் தாங்குகிற ட்ரோன் கைகளில் குறியுள்ள கைக்குத்தான் போகும். மாற்றிப் போட்டால் ட்ரோன் எழும்பாது, எழும்ப முயன்று கவிழும். ஒரு இறக்கை அடிபட்டாலும் அந்த மோட்டாரின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடை சமன் கெட்டு அதிரும். அதனால் நான் குறியுள்ளதில் ஒரு ஜோடி, குறியில்லாததில் ஒரு ஜோடி என்று பிரித்து, இரண்டு சின்ன ஜிப் கவரில் போட்டு, கவர் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். புது இறக்கையோடு வருகிற புதுத் திருகாணியையே போடுங்கள், ஒருமுறை கழற்றிய பழைய திருகாணிக்கு அந்தப் பிடிப்பு இருக்காது.

இறக்கை நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. நகத்தை விளிம்பில் வைத்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூட நகத்தில் தட்டும். கூட வந்த நண்பர் ஒருவரின் ட்ரோன் காய்ந்த புல்லில் இறங்கி எழுந்தது. பார்வைக்கு ஒன்றுமே இல்லை, நகம் வைத்தால் நுனியில் மூன்று இடத்தில் தட்டியது. அதோடு எடுத்த வீடியோ முழுக்க ஜெல்லி மாதிரி ஆடியது. இறக்கையை மாற்றியதும் ஆட்டம் நின்றது. மலையில் திருகாணி கழற்றும்போது கீழே துண்டை விரித்துக்கொள்ளுங்கள். புல்லில் விழுந்த அந்தத் திருகாணியை யாராலும் தேடி எடுக்க முடியாது. விலை குறைவென்று வாங்குகிற போலி இறக்கைகளை நான் போடுவதில்லை, ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு இறக்கைகளே எடையில் ஒத்துப்போகாமல் இருந்ததைத் தராசு எனக்குக் காட்டியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் நல்ல சரக்கு கைக்கு வர நாளாகிறது. ஆகவே இறக்கை தீர்வதற்கு முன்பே ஆர்டர் போட்டுவிடுவது நல்லது.

அடுத்து பேட்டரி. இதில்தான் அதிகம் பேர் பவர் பேங்க் பக்கம் சாய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மினி 2-இன் பேட்டரி ஒன்றில் 17.32 வாட் மணி சக்தி இருக்கிறது, எடை சுமார் 86 கிராம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே இருப்பது 37 வாட் மணி. வோல்டேஜ் மாற்றத்திலும் சூட்டிலும் போனதுபோக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலும் கொஞ்சம் வீணாகும். ஆக ஒரு பேட்டரியை ஒருமுறை நிரப்பினாலே பவர் பேங்க் ஏறக்குறைய காலி. அதன் எடை 200 கிராமுக்கு மேல். நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அதே எடைக்கு இரண்டு உபரி பேட்டரிகளைத் தூக்கலாம், மாட்டினால் உடனே பறக்கும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் நடைக்கு மொத்தம் மூன்று பேட்டரி என்பதுதான் நான் வந்து நின்ற இடம். மூன்று பேட்டரிகளைப் போட்டு சார்ஜ் செய்கிற ஹப் நல்ல சாமான், ஃபோனுக்குப் பவர் பேங்காகவும் உதவும். ஆனால் அது வீட்டிலோ தங்குகிற அறையிலோ இருக்கட்டும், நடைக்கு வேண்டாம்.

கம்பெனி சொல்கிற 31 நிமிடம் காற்றே இல்லாத இடத்தில், மணிக்கு 17 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் அளந்தது. மலையில் நான் 20 நிமிடம்தான் நம்புவேன். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளினால் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், போன நேரத்தைப் போல இரண்டு மடங்கும் ஆகலாம். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவது என் வழக்கம். அப்படி முடியாத இடத்தில் பாதி பேட்டரி இருக்கும்போதே திருப்பிவிடுவேன்.

பேட்டரி விஷயத்தில் இன்னும் மூன்று சொல்ல வேண்டும். முழு சார்ஜில் சும்மா கிடந்தால் இந்த பேட்டரிகள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொள்ளும், அதன் ஆயுளைக் காப்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். போன வாரம் நிரப்பியது இந்த வாரம் நிரம்பியிருக்காது. முந்தின இரவு சார்ஜ் போடுங்கள், காலையில் நான்கு விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். மார்கழி, தை மாதக் காலையில் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போனால் பேட்டரியைப் பையின் வெளி அறையில் வைக்காமல் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். குளிர்ந்த பேட்டரி மேலே ஏறும் வேகத்தில் சட்டென்று வோல்டேஜ் இறங்கும். தலை உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்து, சூடேறிய பிறகு மேலே அனுப்பலாம். மூன்றாவது, புதிதாக வாங்கிய பேட்டரியை வீட்டிலேயே ஒருமுறை மாட்டி ஆன் செய்துவிடுங்கள். ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடுகிற மென்பொருள், பொருந்தவில்லை, அப்டேட் செய் என்று ஃபோனில் இருக்கிற ட்ரோன் ஆப் கேட்கக்கூடும். சிக்னல் இல்லாத பாறை மேல் நின்றுகொண்டு அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இறங்குகிற இடத்துக்கு வருகிறேன். இந்தச் சின்ன ட்ரோன்களின் வயிறு தரையை ஒட்டியே இருக்கும். கேமராவும், அதை ஆடாமல் பிடித்து வைக்கிற கிம்பலும் மண்ணுக்கு மிக அருகில். விரல் நீளப் புல் போதும், இறக்கையில் அடிக்கும். கொல்லிமலையின் செம்மண் தூள் இறக்கைக் காற்றில் கிளம்பி நேராக கிம்பலின் இடுக்குகளில் போய் உட்காரும். அதனால் கீழே விரிக்க ஏதாவது கட்டாயம் வேண்டும். கடையில் 55 சென்டிமீட்டர் வட்டத்தில் சுருட்டி மடக்குகிற லேண்டிங் பேட் விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதன் விளிம்பில் இருக்கிற ஸ்பிரிங் கம்பி பையில் எப்போதும் முண்டிக்கொண்டே இருக்கும். எடை குறைவென்பதால் காற்றில் ஒரு பக்கம் எழும்பி இறக்கையிலேயே அடிக்கவும் அடிக்கும்.

நான் வைத்திருப்பது பழைய ஃபிளெக்ஸ் பேனரில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டிய துண்டு. தராசில் நூறு கிராமைச் சுற்றித்தான் காட்டுகிறது. நான்காக மடித்தால் பையின் முதுகுப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும். நனையாது, முள் குத்தினாலும் கிழியாது, அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். நான்கு மூலையிலும் முஷ்டி அளவுக் கல் வைக்க வேண்டும், சின்னக் கல் வைத்தால் அதுவே பறக்கும். அச்சிட்ட பக்கத்தை மேலே வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ட்ரோனின் வயிற்றில் இருக்கிற சென்சார் கீழே தெரிகிற வடிவங்களை வைத்துத்தான் தன் இடத்தை நிலைநிறுத்திக்கொள்கிறது. வெறும் வெள்ளைப் பரப்பும், அசைகிற தண்ணீரும் அதற்குப் பிடிகொடுக்காது. எழுத்தும் நிறமும் உள்ள பரப்பு என்றால் இறங்கும்போது தடுமாறாமல் நிற்கும். மேலே இருந்து கேமராவில் பார்க்கும்போதும் பச்சைக்கு நடுவே அந்த மஞ்சள் சிவப்புத் துண்டு உடனே கண்ணில் படும். கையில் பிடித்து இறக்குகிறவர்கள் உண்டு. பழக்கம் உள்ளவர்கள் செய்யட்டும், விரலில் பட்டால் அந்த இறக்கை நன்றாகவே வெட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஃபிளெக்ஸ் துண்டே போதும்.

மதிய வெயிலில் ஃபோன் திரை தெரியாது. இதற்கென்று கறுப்பு அட்டைக் கூண்டு மாதிரி ஒரு ஹூட் விற்கிறார்கள். அதை மாட்டினால் ஃபோனுக்குக் காற்று போகாமல் சூடேறும், சூடேறினால் ஃபோன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், வாங்கிய காரணமே அடிபட்டுப்போகும். கறுப்புக் குடை எவ்வளவோ மேல். கூட வருகிறவர் பிடித்துக்கொண்டால் ஃபோனுக்கும் நிழல், நமக்கும் நிழல், மழை வந்தால் அதற்கும் ஆயிற்று. தனியாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மர நிழலில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவேன்.

ரிமோட்டையும் ஃபோனையும் இணைக்கிற குட்டைக் கேபிளில் ஒன்று உபரியாக வேண்டும். மடங்கி மடங்கி முனையில் அறுந்துபோகிற பொருள் அது, அது போனால் படமே தெரியாது. ரிமோட்டின் அடியில் செருகி வைக்கிற இரண்டு குச்சிகளுக்கும் ஒரு உபரி ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். திருகி மாட்டும்போது நழுவிப் புல்லில் விழுந்தால் கிடைப்பது கஷ்டம். தடிமனான ஃபோன் கவர் ரிமோட்டின் பிடியில் உட்காராது, வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். ரிமோட் தன் சார்ஜிலிருந்து ஃபோனுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஃபோன் நிரம்பியிருந்தால் ஆப்பில் அதை அணைத்துவைக்கலாம்.

மெமரி கார்டு பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. மினி 2 அதிகபட்சத் தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் எழுதும், நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி கார்டில் 80 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், மூன்று பேட்டரிக்கு இது தாராளம். யு3 அல்லது வி30 என்று எழுதும் வேகத்தின் குறி அச்சிட்ட கார்டாக இருக்கட்டும். உபரியாக ஒரு சின்னக் கார்டு, அவ்வளவுதான்.

என்டி ஃபில்டர் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது கேமராவுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி. வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய, ஷட்டர் வேகம் ஃபிரேம் எண்ணிக்கையின் இரு மடங்காக இருக்க வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 நொடி. மினி 2-இன் லென்ஸ் துளை எஃப் 2.8, அதை மாற்ற முடியாது. நல்ல வெயிலில், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இல், ஷட்டர் 1/3200 பக்கம் ஓடும். அதை 1/50-க்குக் கொண்டுவர, வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கிற என்டி 64 வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் மலையில் நாம் எடுப்பது பெரும்பாலும் தூரத்துக் காட்சி. ஐம்பது மீட்டர் உயரத்தில் மெதுவாக நகர்கிற கேமராவுக்குக் கீழே இருக்கிற காடு ஃபிரேமுக்கு ஃபிரேம் அதிகம் நகர்வதே இல்லை, ஃபில்டர் போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். தரையை ஒட்டி வேகமாகப் பறக்கும்போதும், அருவித் தண்ணீரை எடுக்கும்போதும்தான் அது தெரியும். புகைப்படத்துக்குத் தேவையே இல்லை. வியர்த்த கையால், தூசிக் காற்றில் நின்று, நூலிழை போன்ற கிம்பலைப் பிடித்து ஃபில்டர் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அருவி எடுக்கப் போகிற நாளில் மட்டும் ஒன்றை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போவேன். போலரைசர் ஃபில்டர் இலைப் பளபளப்பைக் குறைக்கும், ஆனால் அதன் கோணத்தைத் தரையில் வைத்த பிறகு மேலே மாற்ற முடியாது. ட்ரோன் திரும்பியதும் வானம் ஒரு பக்கம் கருத்து ஒரு பக்கம் வெளுத்துத் தெரியும்.

ரிமோட்டில் மாட்டுகிற சிக்னல் கூட்டிகள் வேண்டாம். ரேடியோ அலை மலையை ஊடுருவாது. ட்ரோன் மலைக்குப் பின்னால் போனால் எந்தத் தகடு மாட்டினாலும் சிக்னல் அறும். ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் நின்றுகொண்டால் கூட்டியே தேவைப்படாது. தொலைந்த பொருளைத் தேட உதவும் ஆப்பிளின் ஏர்டேக் வில்லையை ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். அது 11 கிராம், எடை எல்லை போயிற்று. அது வேலை செய்வது பக்கத்தில் யாராவது ஐஃபோனோடு நடமாடினால்தான், மலைச்சரிவில் விழுந்த ட்ரோனுக்கு அருகில் யார் வரப்போகிறார்கள்? ட்ரோனின் கையில் ஒரு சின்ன ஆரஞ்சு ஸ்டிக்கரும், வயிற்றில் பேனாவால் எழுதிய ஃபோன் நம்பரும் போதும். விழுந்தால் ஆப்பில் ட்ரோனைக் கண்டுபிடிக்கும் பகுதியில் பீப் சத்தம் எழுப்பச் சொல்லலாம், பேட்டரி கழன்றிருக்காவிட்டால் அது நன்றாகவே கேட்கும். காற்றுவேகம் அளக்கிற கருவி நம் கை உயரத்துக் காற்றைத்தான் சொல்லும், நூறடி மேலே வேறு காற்று. மர உச்சியையும் மேகத்தையும் பார்ப்பது மேல்.

ட்ரோன் கடை எதிலும் விற்காத, ஆனால் நான் விடவே விடாத சாமான் ஒன்று உண்டு. சின்ன பைனாகுலர். 8×21 அளவில் உள்ளங்கையில் அடங்குகிறது. கொல்லிமலையின் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் கறுப்புக் கறை போலத்தான் இருக்கும், கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறை அலை அலையாக அசையும். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ட்ரோனை விட்டால் கலைவது தேனீக்கள், கொட்டு வாங்குவது கீழே நடந்துபோகிற ஊர்க்காரர்களும் தேன் எடுக்க வந்தவர்களும். அதனால் பாறைமுகம் எதையும் படம் எடுக்கும் முன் பைனாகுலரில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கழுகு, பருந்து எங்கே உட்கார்ந்திருக்கிறது, எங்கே கூடு என்பதும் அதில் தெரியும். ஒரு பறவை ட்ரோனைச் சுற்றி வட்டமிட ஆரம்பித்தால் அதோடு அந்த இடத்தில் முடித்துக்கொள்வேன். அது அவற்றின் இடம், குஞ்சு வளர்க்கிற காலமாகவும் இருக்கலாம். மேலே போன ட்ரோன் வானத்தில் புள்ளியாகக் கரைந்துவிடும்போது கூட வந்தவர் பைனாகுலரில் அதைப் பிடித்து வைத்திருப்பதும் பெரிய உதவி.

எடுத்துப்போகிற விதம் பற்றியும் கொஞ்சம். ட்ரோனோடு வருகிற தோள்பை நடக்கும்போது இடுப்பில் ஆடி ஆடி இடிக்கும், ஏற்றத்தில் தொல்லை. கெட்டியான பெட்டி சுமை. பெரிய பையின் மேல் அறையில், மடித்த ஸ்வெட்டருக்கு நடுவே ட்ரோனை வைத்தாலே பாதுகாப்புதான். ஆனால் இரண்டு பொருள் கட்டாயம்: கிம்பல் மூடியும், இறக்கைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பட்டையும். பட்டை இல்லாமல் பையில் போட்டால் மெல்லிய இறக்கை எதிலாவது அழுந்தி, அப்படியே வளைந்து நின்றுவிடும். தண்ணீர் பாட்டில் இருக்கிற அறையில் வேண்டாம். பேட்டரிகளைச் சாவி, சில்லறையோடு போட வேண்டாம். மஞ்சு இறங்குகிற நாட்களுக்கு ஒரு பெரிய ஜிப் கவரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் இருக்கட்டும். மஞ்சுக்குள் பறந்து வந்த ட்ரோனின் லென்ஸ், இறக்கை, உடம்பு எல்லாம் நனைந்திருக்கும். துடைத்து, காற்றாட வைத்து, காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் மறுநாள் லென்ஸுக்கு உள்பக்கம் பனி படிந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் மோட்டாரின் இடுக்குகளில் இருக்கிற செம்மண்ணைத் தட்டிவிடுவேன். மோட்டாரை விரலால் மெதுவாகச் சுற்றினால் நான்கும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும், ஒன்று மட்டும் கரகரவென்றால் உள்ளே மண் இருக்கிறது என்று அர்த்தம். எட்டுத் திருகாணிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்ப்பேன், அழுத்தித் திருக வேண்டாம், நகராமல் இருந்தால் போதும். பறக்காத வாரங்களில் பேட்டரிகளைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. மலையில் இறக்கை மாற்றியிருந்தால் அந்த ஜிப் கவரை அன்று இரவே நிரப்பிவிடுவேன், வீட்டில் ஜோடி இல்லை என்றால் அப்போதே ஆர்டர் போட்டுவிடுவேன்.